ஊடுகதிர்ப் படமும் உற்ற சொல்லும்

மக்கள் யாக்கையைத் தாங்கி நிற்பன இரு கால்களும், அவற்றை முதுகந்தண்டோடு பிணைக்கும் இடுப்பு வளையமுமேயாம். நடக்கின்ற நாளெல்லாம் நாம் அவற்றை நினைப்பதில்லை. வழுக்கி வீழ்ந்த நாளிலேயே நினைக்கின்றோம். அவ்வாறு வீழ்ந்தார் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், மருத்துவர் முதற்கண் வேண்டுவது எக்ஸ்ரே எனப்படும் ஊடுகதிர்ப் படமே. அப்படம் மெய் கூறுமாயின் மருத்துவம் நேர்வழிச் செல்லும். பொய் கூறுமாயின், அன்றி வேறோரிடத்தைக் காட்டி வாளா இருக்குமாயின், மருத்துவமும் வழி தவறும்.

படம் மெய் கூறுவது எதனால்? பொறியின் விலையால் என்பர் பலர். யாம் அங்ஙனம் கருதுகின்றிலேம். நோயாளியின் காலும் இடுப்பும் கிடக்கவேண்டிய நிலையிற் கிடந்தாலன்றி எத்துணை உயர்ந்த பொறியும் மெய் கூறாது. அந்நிலையை அமைப்பது படமெடுப்பவரின் கை. அக்கைக்கு முன்னே சென்று வழி திறப்பது அவர்தம் சொல். அச்சொல் நோயாளிக்கு விளங்குந் தமிழாய் இருத்தல் வேண்டும் என்பதும், அதனை ஆராய்ந்து அமைத்துக் கொடுக்கும் கடமை தமிழ் பயிலும் எம்மனோர்க்கு உண்டு என்பதுமே இக்கட்டுரையின் கருத்து. தமிழ் பயில்வார்க்கு எலும்பில் என்ன வேலை என்று நகைப்போர் உளராயின், அவர் பின்வரும் நிகழ்ச்சியைச் சிறிது பொறுமையோடு படித்தருளுமாறு வேண்டுகின்றேம்.

மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளியில் வாழ்பவர் எம் பாட்டியார். அவர்க்கு ஆண்டு 76. சென்ற ஐப்பசி மழையில் ஒருநாள், துவைத்த துணியை உலர்த்தக் கொல்லைப்புறஞ் சென்றவர், பாசி படிந்த கல்லில் வழுக்கி வலப்பக்கமாக வீழ்ந்தார். தாமே எழுந்து சுவரைப் பற்றிக்கொண்டு நான்கடி நடக்கவுஞ் செய்தார். "ஒன்றுமில்லை, இடுப்புதான் பிடித்துக்கொண்டது" என்றார். மாலையில் வலி மிகவே, அண்மையிலிருந்த ஒரு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றோம். "எங்கே வலி?" என்று கேட்டனர். "இடுப்பிலே" என்றார். அச்சொல் ஆங்கிலமாகிச் சீட்டில் ஏறியபொழுது கீழ்முதுகு என்று ஆயிற்று. படமெடுக்கும் அறையிலிருந்த இளைஞர் சீட்டிற் கண்டவாறே முதுகெலும்பின் கீழ்ப்பகுதியைப் படமெடுத்தார். படத்தில் முதுமைத் தேய்வன்றி வேறொன்றும் இல்லை. தைலமும் மாத்திரையும் தந்து வீட்டிற்கு அனுப்பினர்.

நான்கு நாட்கள் சென்றன. ஐந்தாம் நாட் காலையில் பாட்டியார் காலை ஊன்றமாட்டாராயினார். வலக்கால் சற்றே குறுகி, பாதம் புறஞ்சாய்ந்து கிடந்தது. வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். ஆங்குப் படமெடுத்தவர் ஐம்பது ஆண்டு நிரம்பிய ஓர் அம்மையார். அவர் சீட்டைக் கையில் வாங்கினாரேனும், அதனைப் பார்க்குமுன் பாட்டியாரைப் பார்த்தார். "பாட்டியம்மா, வலிக்கிற இடத்தை ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்றார். பாட்டியாரின் விரல் முதுகிற்குச் செல்லவில்லை. தொடை உடலோடு சேரும் தொடையிடுக்கில் வந்து நின்றது. அவ்வொரு விரல் காட்டியதை, முன்னைய நாளில் எங்களுள் ஒருவரும் கேட்டறிந்திலேம்.

அம்மையார் அடிபட்ட காலைத் திருப்பவில்லை, இழுக்கவுமில்லை. கிடந்தவாறே இடுப்பு வளையம் முழுவதையும் ஒரு படமெடுத்தார். பின்னர், "நல்ல காலை நாங்கள் தூக்கித் தாங்குபலகையில் வைக்கிறோம், அடிபட்ட காலை நீங்கள் அசைக்கவே வேண்டாம். கதிர்தான் பக்கத்திலிருந்து வரும்" என்று கூறி, கதிரைப் படுக்கைவாட்டில் செலுத்தி மற்றொரு படமெடுத்தார். தொடையெலும்பின் கழுத்து முறிந்து விலகியிருந்தது. முறிந்த தலையை நீக்கி உலோகத்தாலான தலையொன்றைப் பொருத்தினர். முதல்நாளில் அம்முறிவு விலகாது வெறுங்கீற்றாய் இருந்திருப்பின், திருகாணிகளால் இறுக்கிப் பாட்டியாரின் சொந்த எலும்பையே காத்திருக்கலாம் என்றார் அறுவை மருத்துவர். இருந்ததா என்று வினவினோம். "அன்றைய இடுப்புப்படம் இல்லையே, எப்படிச் சொல்வேன்?" என்றார். அவ்விடை எம் உள்ளத்தில் இன்றளவும் உறுத்திக்கொண்டே இருக்கின்றது.

இந்நிகழ்ச்சியில் அவ்விளைஞரைக் குறை கூற யாம் எழுந்திலேம். வெளியே நீண்ட வரிசை நின்றது; சீட்டு சொன்னதை அவர் செய்தார். குறை எங்கே உளது என்று ஆராய்வார்க்கு, அஃது ஒரு சொல்லில் உளது என்பது புலப்படும். 'இடுப்பு' என்னுஞ் சொல் நம் வீடுகளில் வேட்டி கட்டும் இடத்தையும், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடத்தையும், முதுகின் கீழ்ப்பகுதியையும், தொடைமூட்டையும் ஒருங்கே குறிக்கும். 'கால்' என்றால் தொடை முதல் விரல்நுனி ஈறாக எவ்விடமுமாம். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு பெயர் வேண்டும். 'மூட்டுவலி' என்றால் சென்னையிற் பெரும்பாலார் முழங்காலையே கொள்வர். நம் மொழியிற் சொல்வளம் இல்லை என்பதன்று. கவடு, தொடை, முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால், குதிகால், புறங்கால், உள்ளங்கால் என இருத்தற்குரிய சொற்களெல்லாம் இருக்கின்றன. வலியோடு வருவார் அவற்றுட் பொதுச்சொல்லையே எடுப்பர். கேட்பவர் சிறப்புச்சொல்லை வினவிப் பெறுதல் வேண்டும். அவ்வினவுதலே விடுபட்டுப் போகின்றது.

நிற்க. ஊடுகதிர்ப் படத்திற்கு நிலை அமைத்தல் இத்துணை இன்றியமையாததாவது ஏன் என்பதை அத்துறை பயிலாத எம்போன்றார்க்கு விளங்குமாறு சிறிது கூறுவேம்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனி நாட்டு வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்கன் என்னும் பேராசிரியர் இக்கதிரைக் கண்டார். 1901-ஆம் ஆண்டில் பௌதிகத்திற்கென முதன்முதல் வழங்கப்பெற்ற நோபெல் பரிசு அவரையே சார்ந்தது. நம் சென்னையில் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. 1939-ஆம் ஆண்டில் கேத்லீன் கிளார்க் என்னும் ஆங்கிலப் பெண்மணியார், உடலின் எவ்வுறுப்பை எந்நிலையில் வைத்துப் படமெடுத்தல் வேண்டும் என்பதனையே பொருளாகக் கொண்டு ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்நூல் பலமுறை புதுக்கப்பெற்று அவர் பெயராலேயே வழங்கிவருகின்றது. கதிர் கண்டு நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குள் நிலை அமைத்தலுக்கென்றே ஒரு பெருநூல் வேண்டியிருந்தது என்பது கருதற்பாலது.

ஊடுகதிர்ப் படம் நிழலேயன்றி வேறன்று. மாலை வெயிலில் அடையாற்றுப் பாலத்தின்மேல் நடப்பான் ஒருவனுடைய நிழல் நீண்டும், நண்பகலில் அதுவே குறுகியும் வீழ்தல்போல, எலும்பின் நிழலும் அஃது ஒளிக்கு முகங்கொடுக்கும் பாங்கிற்கேற்ப நீளும், குறுகும், மறையும். தொடையெலும்பின் கழுத்து நேர்ப்பக்கமாகச் செல்வதன்று; வளர்ந்தாரிடத்து அஃது ஏறத்தாழ 15 பாகை முன்னோக்கிச் சாய்ந்துளது. மல்லாந்து படுத்தார் ஒருவரின் பாதங்கள் இயல்பாகவே புறஞ்சாயும். அந்நிலையிற் படமெடுப்பின் கழுத்தின் நிழல் குறுகித் தோன்றும். அதிலுள்ள கீற்று மறைந்துபோதல் எளிது. பாதங்களை 15 முதல் 20 பாகை உட்புறந் திருப்பின், கழுத்து படத்தகட்டிற்கு இணையாக வந்து தன் முழுநீளமுங் காட்டும். அப்பொழுது தொடையெலும்பின் பக்கத்துள்ள பெரிய முண்டு தெளிவாய்த் தோன்றும். உட்பக்கத்துச் சிறிய முண்டு ஏறக்குறைய மறையும். படத்தைப் பார்த்தவளவிலேயே நிலை சரியா தவறா என்று அறிதற்கு அம்முண்டுகளே சான்று.

இதனை நம் ஊர்க்கலையொன்றால் விளக்குவேம். 1936-ஆம் ஆண்டில் அடையாற்றில் உருக்குமிணிதேவி அம்மையார் நிறுவிய கலாக்ஷேத்திரத்தின் பெயரை அறியாதார் நம்முள் இலர். ஆங்குப் பரதம் பயிலும் மாணவியர் முதற்கண் பழகும் அரைமண்டியில் முழங்கால்கள் மடிந்து புறநோக்கும், பாதங்களும் புறநோக்கும். அத்திருப்பம் பாதத்தினின்று பிறப்பதன்று; தொடைமூட்டினின்று பிறப்பது. படமேசைமீது வேண்டப்படுவது அதற்கு நேர்மாறான திருப்பம். அதுவுந் தொடைமூட்டினின்றே வரல்வேண்டும். பாதத்தை மட்டும் வளைத்தால் பயனில்லை. இனி, தொடைமூட்டைப் பக்கவாட்டிற் காண்பதற்குத் தவளைநிலை என்றொன்று உண்டு. மல்லாந்து கிடந்தவாறே அரைமண்டி இட்டாற்போல்வது அது. நோயாராயும் பொழுதில் மிகவும் பயன்படுவதே. எனினும் முறிவுண்டோ என்னும் ஐயமுள்ளவரை அந்நிலையில் வைத்தல் ஆகாது; விலகாத முறிவு அதனால் விலகக்கூடும். அத்தகையார்க்கு உட்புறந் திருப்புதலையும் வலிந்து செய்தல் ஆகாது. எம் பாட்டியாரின் காலை அவ்வம்மையார் தொடாது விட்டதன் காரணம் இதுவே. எதனைச் செய்தல் வேண்டும் என்பதோடு எதனைச் செய்யலாகாது என்பதும் இக்கலையின் பாதியாம்.

முழங்காலின் செய்தி வேறு. தியாகராய நகரில் இரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் நாள் முழுதும் நின்று துணி விரித்துக் காட்டும் பணிமக்களை நாம் கண்டிருக்கின்றோம். 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு, கடைகளில் வேலை செய்வார்க்கு இருக்கை அளித்தல் வேண்டும் என்று சட்டத்தைத் திருத்திற்று. அவர்தம் முழங்காலைப் படுக்கவைத்துப் படமெடுத்தால், எலும்புகளுக்கிடையே இடைவெளி நன்றாயிருப்பதுபோலத் தோன்றலாம். நிற்கவைத்து உடற்பாரம் முழுதும் அதன்மேல் இறங்க எடுத்தாலோ, குருத்தெலும்பு தேய்ந்த பக்கத்தில் எலும்பும் எலும்பும் நெருங்கி நிற்றல் புலப்படும். வலி நிற்கும்பொழுது வருவதாயின் படமும் நிற்கும்பொழுது எடுத்தற்குரியது. "படுத்திருந்தால் வலிக்கிறதா, நின்றால் வலிக்கிறதா?" என்ற ஒரு தமிழ் வினாவில் இவ்வளவும் அடங்கியிருக்கின்றது.

கணுக்காலில், காலெலும்பு இரண்டும் காடிபோல அமைந்து பாதத்தெலும்பைக் கவ்வி நிற்கின்றன. தச்சன் வெட்டிய காடியில் முளை சரியாகப் பொருந்தியுளதா என்று காண்பதற்கு அதனை நேரே நோக்குதல்போல, இங்கும் காலை 15 முதல் 20 பாகை உட்புறந் திருப்பியே அவ்விடைவெளியைச் சுற்றுங் காண இயலும். மேலும், கணுக்கால் பிசகினார் எல்லார்க்கும் படம் வேண்டுவதில்லை. கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியின்படி, குறித்த எலும்புமுனைகளை அழுத்தினால் வலியின்றி, நான்கடி நடக்கவும் இயலுமாயின் படத்தைத் தவிர்க்கலாம். அவ்விதியும் வினாவையும் விடையையுமே பற்றி நிற்பது. "நான்கடி நடந்து காட்டுங்கள்" என்பது நோயாளிக்கு விளங்காவிடின் கனடாவின் விதியும் கூவம் கடந்து வாராது.

சிறாரிடத்து இஃது இன்னும் நுட்பமாகும். தொடைமூட்டின் நோயை முழங்கால்வலியாக உணர்தல் இயற்கை. இரண்டிற்கும் நரம்பு பொதுவாயுளது. வளரும் பருவத்துச் சிறுவன் தொடையெலும்பின் தலை நழுவியிருந்தும் "முழங்கால் வலிக்கிறது" என்றே கூறுவான். முழங்காலை மட்டும் படமெடுத்து, "நலமே" என்று அனுப்புவார் உளராயின் அவன் நொண்டியாதல் கூடும். ஆகவேதான் நீண்ட எலும்பைப் படமெடுக்கையில் மேல்மூட்டும் கீழ்மூட்டும் அடங்க எடுத்தல் வேண்டும் என்றும், ஒன்றற்கொன்று செங்கோணமான இருநோக்கில் எடுத்தல் வேண்டும் என்றும் ஆசிரியர் விதித்தனர்.

நிலை தவறின் இழப்பு காலமும் பணமும் மட்டுமன்று. ஒவ்வொரு படமும் உடலுக்குச் சிறிது கதிரை ஊட்டுகின்றது. மார்பின் படமொன்றிற்கு ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட்டும், முழங்காலுக்கு 0.005-ம், இடுப்பு வளையத்திற்கு 0.6-ம், கீழ்முதுகுப் படங்களுக்கு 1.5-ம் ஆகுமென்பது பொதுக்கணக்கு. எம் பாட்டியார் வேண்டாத முதுகுப்படத்திற்காக, வேண்டிய இடுப்புப்படத்தினும் இருமடங்கிற்கு மேற்பட்ட கதிரை ஏற்றார் என்பது இதனாற் பெறப்படும். அவ்வளவு அவர் ஆண்டிற்குத் தீங்கு செய்யுமென்று யாம் அஞ்சவில்லை. ஆயினும் மீண்டும் எடுக்கப்படும் படங்களுக்கு நிலைப்பிழை பெருங்காரணம் என்பர் அறிந்தோர். அப்பிழை இளம்பெண்ணொருத்தியின் இடுப்பில் நிகழுமாயின் அஃது எளிய பொருளன்று.

பெண்டிரைப்பற்றிச் சொல்லப்புகுந்தமையின் மற்றொன்றுங் கூறுவேம். இடுப்புப் படத்திற்கு உடை மாற்றுதல் வேண்டும். எலும்புமுனைகளைத் தொட்டறிதல் வேண்டும். கருவுற்றிருத்தல் கூடுமோ என்று வினவுதலும் வேண்டும். கதவு திறந்திருக்க, மாமியாரும் மைத்துனரும் கேட்க, "கர்ப்பமா?" என்று உரத்துக் கூவினால் எப்பெண் மெய் கூறுவாள்? அவளைத் தனியே அழைத்து, "கடைசியாக மாதவிலக்கானது என்றைக்கம்மா?" என்று தாழ்ந்த குரலிற் கேட்பவர்க்கே சரியான விடை கிடைக்கும். இடுப்பைத் தொடுமுன் "எலும்பு இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும், பார்க்கலாமா?" என்று ஒரு சொற் கேட்பின் உடல் விறைப்பதில்லை, விறைக்காத உடலே சொன்ன நிலையிற் கிடக்கும். ஈயக்கவசத்தின் செய்தியும் அத்தகையதே. பண்டு இடுப்பின்மேல் ஈயத்தை இடுதல் வழக்கமாயிருந்தது. அது காணவேண்டிய எலும்பையே மறைத்தல் உண்டாதலின் அதனை வழக்கமாக இடவேண்டுவதில்லை என்று அமெரிக்க மருத்துவப் பௌதிகர் சங்கம் 2019-ஆம் ஆண்டில் அறிவித்தது. காரணத்தை எடுத்துச் சொல்லாது கவசத்தை மட்டும் எடுத்துவிடின், "எனக்குமட்டும் ஏன் இடவில்லை?" என்று நோயாளி ஐயுறுவது இயல்பன்றோ?

ஈண்டுச் சிலர் தடை நிகழ்த்துவர். "இக்காலத்தில் உடலைத் துண்டுதுண்டாகக் காட்டும் சி.டி. பொறியும், காந்தப்பொறியும் வந்துவிட்டன. படத்தில் முறிவைத் தேடிக்கொடுக்கும் கணினியறிவும் வந்துகொண்டிருக்கின்றது. இனி நிலை ஏன்? சொல் ஏன்?" என்பது அவர் கூற்று. எளிய படத்தில் மறைந்த முறிவைக் காந்தப்பொறி காட்டும் என்பது மெய்யே. ஆயினும் முதுகைக் காட்டென்று ஏவினால் எப்பொறியும் முதுகையே காட்டும். தொடையிடுக்கைத் தானாக நாடிச் செல்லாது. விலையுயர்ந்த பொறி தவறான இடத்தைத் தெளிவாகக் காட்டும், அவ்வளவே. அன்றியும் அப்பொறிகளை எல்லாரும் அணுக இயலாமையின், ஏழையர்க்கு எளிய எக்ஸ்ரேயே இன்றும் முதற்றுணை.

மற்றொரு தடை எம் தமிழன்பர் பக்கத்தினின்று வருவது. "நல்ல கலைச்சொற்களை ஆக்கிப் பலகையில் எழுதிவிடின் போதும்" என்பர் அவர். கலைச்சொல்லாக்கத்தை யாம் போற்றுகின்றேம். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1938-ஆம் ஆண்டில் கலைச்சொற்கள் தொகுத்து வெளியிட்ட உழைப்பைத் தமிழுலகம் மறத்தலாகாது. ஆயினும் பலகையில் ஊடுகதிர் என்றும் நுண்கதிர் என்றும் எழுதியிருப்ப, எம் பாட்டியார் "எக்ஸ்ரே எங்கே எடுக்கிறார்கள்?" என்றே கேட்டார். அவரிடத்து எக்ஸ்ரே என்பதே தமிழ். நூலுக்கு ஒரு தமிழும் நோயாளிக்கு ஒரு தமிழும் வேண்டும். முன்னதைப் பின்னதன் தலையிற் சுமத்துதல் பிழை. ஆங்கிலத்திற் சொல்வதனால் விளையுந் தீங்கே விளங்காத் தமிழிற் சொல்வதனாலும் விளையும்.

இதனை விடுதியில் நண்பர் சிலரிடத்து யாமே சோதித்துப் பார்த்தேம். தரையில் மல்லாந்து படுக்கச் செய்து, "கால்களை உட்புறமாகச் சுழற்றுக" என்றேம். ஒருவர் முழங்காலை மடக்கினார். ஒருவர் கால்களைப் பின்னிக்கொண்டார். ஒருவர் ஒருக்களித்தே படுத்துவிட்டார். பின்னர், "குதிகால் இரண்டும் சற்று விலகியிருக்கட்டும், கால் கட்டைவிரல் இரண்டும் ஒன்றையொன்று தொடப் பார்க்கட்டும்" என்றேம். எல்லாரும் தொடைமூட்டினின்றே கால்களைத் திருப்பினர். கை வைத்துத் திருத்தவேண்டிய தேவையே இல்லை. அவர்களெல்லாம் கற்றவர், முன்னைய தொடரிலுள்ள ஒவ்வொரு சொல்லும் அறிந்தவரே. குறை சொல்லறிவில் அன்று, சொல்லின் தேர்வில் உளது என்பது அன்று எமக்குத் தெளிவாயிற்று.

மருத்துவத்தை மக்கள் மொழியிற் கொணர்தல் நமக்குப் புதிதன்று. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் என்னும் மருத்துவர் 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் போந்தார். மானிப்பாயில் மருத்துவம் பயிற்றினார். தாம் முயன்று தமிழ் கற்று, 1864-ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே பயிற்றலானார். எலும்புகளையும் நரம்புகளையும் விரித்துரைக்கும் பெருநூல்கள் அவரால் தமிழாயின. பிறநாட்டில் பிறந்தார் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் யாக்கையை நம்மவர் மொழியிற் பேசினாராயின், தமிழைத் தாய்மொழியாகவும் பாடமாகவும் பெற்ற நாம் வாளா இருத்தல் தகுமோ?

ஆதலின் எமது வேண்டுகோள் இது. நம் கல்லூரித் தமிழ்மன்றத்தார், கதிரியல் பயிலும் மாணாக்கரோடும் அத்துறையில் முதிர்ந்த பணியாளரோடும் கூடியிருந்து, கால், இடுப்பு ஆகியவற்றைப் படமெடுக்கும் பொழுது சொல்லவேண்டிய தொடர்களை ஒரே தாளில் அடங்குமாறு தொகுத்தல் வேண்டும். இருபது தொடர் போதும். தொடரின் தகுதியைப் புலவர் கூட்டம் முடிவு செய்தல் ஆகாது. மயிலைக் குளக்கரையிற் கீரை விற்கும் மூதாட்டியும், தியாகராய நகர்க் கடைப்பணியாளரும், அடையாற்றிற் கட்டட வேலை செய்வாரும் கேட்டவளவில் அந்நிலையிற் கிடந்தால் அத்தொடர் நிற்க, கிடவாவிடின் போக. அத்தாளின் தலைப்பில், முன்னும் பின்னுமாக வரைந்த மனித உருவம் ஒன்றும், "வலிக்கிற இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்னுந் தொடரும் இடம்பெறல் வேண்டும். இக்காலத்துச் சென்னையில் தெலுங்கும் இந்தியும் வங்கமும் பேசுவார் பலராதலின், அம்மொழிகளிலும் அத்தாளைப் பெயர்த்தல் நலம்.

அத்தாளை மருத்துவமனைகளுக்கு இலவயமாக அளிப்போம். கதிரியல் மாணாக்கர்க்கு நிலை கற்பிக்கும் நாளிலேயே நிலைக்குரிய சொல்லையும் கற்பிக்க வேண்டுமென அவர்தம் ஆசிரியரை வேண்டிக்கொள்வோம். இணைமருத்துவத் தொழிலினர்க்கென 2021-ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அவர்கள் தொழிலுக்கு ஒரு தகுதியை வகுத்துள்ளது. நோயாளியிடம் பேசும் வன்மையும் அத்தகுதியுள் அடங்குமாறு செய்தல் அரியதன்று. அடையாற்றிலும் மயிலையிலும் மருத்துவப் பணியிலிருக்கும் நம் பழைய மாணவர்கள் இதனைப் படிப்பாராயின், தம் மருத்துவமனையின் படமெடுக்கும் அறையில் ஒருநாள் வெறுமே அமர்ந்து, ஆங்கு வழங்கும் சொற்களைக் கேட்டுக் குறித்து மன்றத்திற்கு எழுதியனுப்புமாறு அவர்களைக் கைகூப்பி வேண்டுகின்றேம். அதுவே இவ்வேலையின் முதற்படி.

எம் பாட்டியார் இப்பொழுது கோலூன்றி நடக்கின்றார். ஆலயத்தில் மற்றவர் முழந்தாளிடும்பொழுது அவர் மட்டும் கடைசி வரிசையில் நாற்காலியில் அமர்ந்து தலைகுனிகின்றார். தரையில் அமர்ந்து அவரைக்காய் நறுக்கும் வழக்கமும் நின்றது. அவர் ஒருவரையும் நொந்துகொள்வதில்லை. "நான்தான் சரியாகச் சொல்லத் தெரியாமல் இடுப்பு என்று சொல்லிவிட்டேன்" என்று தம்மையே குறைகூறிக்கொள்கின்றார். நாங்கள் எத்துணை மறுத்துரைத்தும் அவர் அதனை விடுவதாயில்லை. தம் தாய்மொழியில் தம் வலியைச் சொன்ன மூதாட்டியார் அதற்காக வருந்துதல் முறையன்று. கேட்டு அறிந்துகொள்ளும் கடமை கற்றவராகிய நம்முடையது.